முடிச்சூர் ரோட்டில் ஒரு ‘பனி’ப் பயணம்!

பிரச்னை கனடாவில் இருந்துதான் ஆரம்பித்தது மக்களே!

டொரன்டோவில் செட்டிலாகிவிட்ட பெரியம்மா பையன், அதாவது எங்க அண்ணன், ஒரு ராத்திரி வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பியிருந்தான். முழங்கால் உயரத்துக்குப் பனி. முன்னாடி பெரிய தகடு மாட்டிய ஒரு டிராக்டர் அதைத் தள்ளிக்கொண்டே வருகிறது. பாதி வழியில் ஸ்டாப். இன்ஜின் உறுமுகிறது, பின் சக்கரம் ரெண்டும் சும்மா சுத்துகிறது... வண்டி ஒரு இன்ச் நகரவில்லை. கீழே ஒரு கேள்வி: ‘மெக்கானிக்கல் மூணாவது வருஷம்தானே நீ? இந்த வண்டி ஏன் நகரலை? என்ன பண்ணினா நகரும்?’

‘உராய்வு கம்மி’ என்று கெத்தாக டைப் பண்ணினேன். ‘அது எனக்கே தெரியும்டா. என்ன பண்றதுன்னு சொல்லு’ என்று உடனே பதில். அரியர் இல்லாத இன்ஜினீயரின் மானம் அங்கேயே கப்பல் ஏறியது.

நமக்குப் பனி என்றால் என்ன பாஸ்? மார்கழி மாசம் விடியற்காலை தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் நின்றால் மின்சார ரயிலின் மூஞ்சியை மறைக்குமே, அந்த வெள்ளைப் புகை. ‘மஃப்ளர் கட்டிக்கோடா’ என்று அம்மா கத்துவாங்க. எட்டு மணிக்கு வெயில் வந்தால் அதுவும் காலி. பனியில் சிக்கிய டிராக்டரைப் பற்றித் தாம்பரத்தில் யாரிடம் போய்க் கேட்பது?

அப்போதுதான் பல்பு எரிந்தது. பனிதான் இல்லை... சக்கரம் வழுக்குற தரைக்கு நம்ம ஏரியாவில் பஞ்சமா என்ன? நான் முடிச்சூர்க்காரன் சார்!

2015 டிசம்பர் 1 காலையில் இருந்து மறுநாள் காலை வரைக்கும் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். அப்போ நான் அஞ்சாங்கிளாஸ். அடையாறு எங்க தெருவுக்குள்ளேயே வந்துவிட்டது. ராத்திரி முழுக்க மொட்டை மாடித் தண்ணித் தொட்டிக்குக் கீழே உட்கார்ந்திருந்தோம். தண்ணி கொஞ்சம் வடிந்து அப்பாவுக்கு இடுப்பளவு ஆனபோது, தெரு முனையில் ‘டபடப’ சத்தம். எதிர்வீட்டு கார் மிதந்து போய் கேட்டில் மோதிக் கிடந்தது. பைக்குகள் எங்கே என்றே தெரியவில்லை. ஆனால், ஒரு டிராக்டர் மட்டும் டிரெய்லரோடு நிதானமாக வந்தது. எங்களை ஏற்றிக்கொண்டு போய் மேட்டில் இறக்கிவிட்டது. ஓட்டியவர் முகம்கூட எனக்கு ஞாபகம் இல்லை. சக்கரம் மட்டும் அப்படியே ஞாபகம் இருக்கிறது, என்னைவிட உயரம்!

கனடா டிராக்டர் நகரவில்லை. எங்க தெரு டிராக்டர் நகர்ந்தது. ஏன்? இதைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று தை மாச ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நண்பனின் ஸ்ப்ளெண்டரில் கிளம்பிவிட்டேன்.

டயருக்குள்ளே தண்ணி!

தாம்பரத்துக்கு ரெண்டு முகம். தண்டவாளத்துக்குக் கிழக்கே, 1937-ல் இங்கே குடிவந்த கிறிஸ்தவக் கல்லூரியின் காடு, விமானப்படைத் தளம் என்று ஒரு அமைதி. மேற்கே எங்க ஏரியா. முடிச்சூர் ரோடு முழுக்க ஹார்டுவேர் கடை, டியூஷன் சென்டர், ‘வீட்டு மனைகள் விற்பனைக்கு’ போர்டுகள். வண்டி அடையாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது கீழே எட்டிப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். மெலிசாக ஒரு வாய்க்கால். இதுவா அன்றைக்கு எங்க வீட்டுக்குள் வந்தது? 2015-ல் மட்டுமா... 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கும் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் மறுபடி தண்ணிதான்.

வெளிவட்டச் சாலையைத் தாண்டியதும் ஒரு பஞ்சர் கடை. வாசலில் மல்லாக்கக் கிடந்த டிராக்டர் டயரைப் பார்த்ததும் பிரேக் போட்டோம். உள்ளே கடைக்கார அண்ணா, ஜாக்கி வைத்துத் தூக்கிய இன்னொரு டிராக்டரின் பின் டயர் வால்வில் ஹோஸ் பைப்பைச் செருகித் தண்ணி விட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணா... டயருக்குள்ள காத்துதானே அடிப்பாங்க?”

“காலேஜா? மெக்கானிக்கலா?” என்று சரியாகக் கண்டுபிடித்தார். “வால்வை மேல வெச்சு, அந்த மட்டம் வரைக்கும் தண்ணி விடணும் தம்பி. முக்கால்வாசி தண்ணி, மிச்சம் காத்து. ஒரு டயருக்கு நூறு லிட்டருக்கு மேல குடிக்கும். அத்தனையும் வெயிட்டு. வெயிட்டு இல்லேன்னா சேத்துல ஸ்லிப் அடிக்கும்.”

முதல் வருஷ மெக்கானிக்ஸ் புத்தகம் மண்டைக்குள் திறந்துகொண்டது. இழுவை விசைக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. இழுக்கும் சக்கரத்தின் மேல் இருக்கும் எடையை உராய்வுக் குணகத்தால் பெருக்கினால் வருவதுதான் அது. காய்ந்த கான்கிரீட்டில் ரப்பருக்கு இந்தக் குணகம் சுமார் 0.8. இறுகிய பனியில் 0.2, 0.3. கண்ணாடி மாதிரி உறைந்த ஐஸில் 0.1 பக்கம். அதாவது, ரோட்டில் எட்டு மடங்கு இழுக்கிற அதே வண்டி, ஐஸில் ஒரு மடங்குதான் இழுக்கும். அதற்கு மேல் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சக்கரம் சுத்தும்... டீசல் காலியாகும்... வண்டி நகராது. குதிரை சக்தி ஐம்பதா நூறா என்பதெல்லாம் தரைக்குத் தெரியாது மக்களே!

குணகத்தை மாற்ற முடியாவிட்டால் எடையை ஏற்ற வேண்டும். அதைத்தான் அந்த அண்ணா ஹோஸ் பைப்பில் செய்துகொண்டிருந்தார். குளிர் நாடுகளிலும் இதே டெக்னிக்தான். ஆனால், அங்கே வெறும் தண்ணி விட்டால் டயருக்குள்ளேயே ஐஸ்கட்டி ஆகிவிடும். அதனால் கால்சியம் குளோரைடு உப்பைக் கரைத்து விடுகிறார்கள். உறையாது, எடையும் அதிகம். கசிந்தால் ரிம் துருப்பிடிக்கும், அது ஒரு தலைவலி. அதற்குப் பயந்து சர்க்கரை ஆலையில் மிஞ்சுகிற பீட் கிழங்குச் சாற்றை டயருக்குள் ஊற்றுகிறவர்களும் உண்டு. ஜூஸ் குடிக்கும் டயர்!

இன்னொரு கணக்கும் எனக்கு அங்கேதான் புரிந்தது. வெள்ளத்தில் கார் ஏன் மிதந்தது? ஆர்க்கிமிடீஸ்! உள்ளே காற்று அடைத்த பெட்டி அது. ரெண்டு அடித் தண்ணி இருந்தாலே பெரும்பாலான கார்கள் மிதக்க ஆரம்பித்துவிடும், அப்புறம் சக்கரத்துக்குத் தரையே கிடையாது. டிராக்டருக்குப் பெட்டி இல்லை. ஆனால், டயர்? அந்தப் பெரிய பின் டயர் காற்றோடு பாதி முங்கினாலே கிட்டத்தட்ட நூறு கிலோ அளவுக்கு மேலே தூக்கும். உள்ளே தண்ணி இருந்தால் அந்தத் தூக்கல் அடிபட்டுப் போகும். வெளியே இருக்கிற தண்ணியை உள்ளே இருக்கிற தண்ணி ஜெயிக்கிறது!

வந்த வழி காட்டும் அம்பு

“இந்தப் பட்டனைப் பாரு” என்று டயர் மேல் கை வைத்தார் அண்ணா. நம்ம பசங்க ‘கிரிப்’ என்பதை இவர்கள் பட்டன் என்கிறார்கள். கட்டை விரல் உயரத்துக்கு, சாய்வாக, ரெண்டு பக்கமும் இருந்து வந்து நடுவில் அம்பு மாதிரி சேர்கிறது. அம்பின் மூக்கு முதலில் தரையைத் தொட வேண்டும். அப்போதுதான் சேறு நடுவில் இருந்து ரெண்டு பக்கமும் பிதுங்கி வெளியே போகும், அடுத்த சுற்றுக்குப் பட்டன் சுத்தமாக வரும். டயரைத் திருப்பி மாட்டிவிட்டால் சேறு நடுவிலேயே அப்பிக்கொண்டு நல்ல டயரும் மொட்டை டயர் ஆகிவிடும்.

“சேத்துல தடம் பார்த்திருக்கியா? அம்பு பின்னாடி பார்க்கும். டிராக்டர் எங்கேருந்து வந்துச்சோ அந்தப் பக்கம் காட்டும், போற பக்கம் இல்ல” என்றார். நண்பன் நம்பவில்லை. கடை வாசல் ஈரமண்ணில் போய்ப் பார்த்தான். அட, ஆமாம்!

சாதாரண வயலுக்கு இருக்கிற பட்டனை ஆர்-1 என்கிறார்கள். நெல், கரும்பு வயலுக்கு என்றே ஆர்-2 ரகம் இருக்கிறது. பட்டன் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆழம். இதையெல்லாம் விட ஆச்சர்யம், டிராக்டருக்கு ரப்பர் டயர் வந்ததே லேட்டு என்பதுதான். அதற்கு முன்னால் முள்ளு முள்ளாக இரும்புச் சக்கரம்தான். காற்றடைத்த ரப்பர் டயரோடு டிராக்டரை முதலில் விற்றது அமெரிக்காவின் அல்லிஸ்-சால்மர்ஸ் கம்பெனி, 1932-ல். ‘ரப்பராவது, வயல்ல ஓடுறதாவது’ என்று சிரித்தவர்களை நம்ப வைக்க, மறு வருஷமே பார்னி ஓல்ட்ஃபீல்டு என்ற கார் ரேஸ் வீரரை வைத்து டிராக்டரை மணிக்கு 64 மைல் வேகத்தில் ஓட்டிக் காட்டினார்களாம். கலக்கல் விளம்பரம்ல!

ஆனால், இரும்புச் சக்கரம் ஓய்வுபெறவில்லை. அதைப் பார்க்கத்தான் மணிமங்கலம் போனோம்.

மணிமங்கலத்தில் ஒரு லேப்

வரதராஜபுரம் தாண்டினால் காற்றே மாறுகிறது. மனைப் பிரிவுக் கற்கள் குறைந்து பச்சை எட்டிப் பார்க்கிறது. மணிமங்கலம் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினோம். ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் நரசிம்மவர்மன், சாளுக்கியன் புலிகேசியைத் தோற்கடித்த போர்க்களங்களில் இந்த ஊரும் ஒன்று. அந்தக் காலத் தேர்கள் இந்தக் களிமண்ணில் எத்தனை இடத்தில் மாட்டிக்கொண்டதோ!

நவரைப் பட்டத்துக்குச் சேற்று உழவு நடந்துகொண்டிருந்தது. வரப்பில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த டிராக்டர்காரருக்கு அறுபதை ஒட்டிய வயசு. விஷயத்தைச் சொன்னோம். கனடா வீடியோவைக் காட்டினோம். ரெண்டு தடவை உற்றுப் பார்த்தார்.

“சங்கிலி கட்டலையே?” என்றார்.

ஐயோ சாமி! பனியையே பார்க்காத மனுஷன், ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டார். நிஜம்தான். குல்மார்க் போகிற டாக்ஸி டிரைவர்கள் முதல் கனடாக்காரர்கள் வரை பனியில் செய்வது அதுதான். டயரைச் சுற்றி இரும்புச் சங்கிலி. ரப்பர் வழுக்குகிற இடத்தில் இரும்பு கடிக்கும்.

“எங்களுக்குச் சங்கிலி இதான்” என்று வரப்போரம் கிடந்த கேஜ் வீலைக் காட்டினார். ரெண்டு இரும்பு வளையம், நடுவே குறுக்குக் கம்பிகள், கூண்டு மாதிரி. டயருக்குப் பக்கத்தில் போல்ட் போட்டு மாட்டுவார்கள்.

“ஐயா, மாட்டாம ஒரு தடவை, மாட்டி ஒரு தடவை ஓட்டிக் காட்டுறீங்களா? கணக்குப் பண்ணணும்.”

“டீசல் நீ போடுறியா?” என்று சிரித்தார். ஆனாலும் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

டயரில் சாக்பீஸால் ஒரு கோடு. சக்கரம் பத்து சுற்று சுற்ற எவ்வளவு தூரம் போகிறது என்று எண்ண வேண்டும், அவ்வளவுதான் லேப்! முதலில் காய்ந்த வண்டிப்பாதையில் சும்மா ஓட்டினார்: பத்து சுற்றுக்கு என் நடையில் 52 அடி வைப்பு. அப்புறம் வயலில் இறங்கி, கேஜ் வீல் இல்லாமல் உழவோடு. நான் வரப்பு மேல் எண்ணிக்கொண்டே நடந்தேன்: 38 தான். கேஜ் வீலை மாட்டி மறுபடி: 45. அதாவது வழுக்கல் 27 சதவீதத்தில் இருந்து 13 சதவீதத்துக்கு இறங்கியது. டிராக்டர்களைச் சோதிக்கும் உலக விதிகளில் டயர் வண்டிக்கு 15 சதவீதம் வழுக்கல்தான் எல்லை. அதற்கு மேல் போனால் டீசலை வயலில் ஊற்றுவது போலத்தான். என் செருப்பளவு ஆராய்ச்சியை யாரும் ஜர்னலில் போட மாட்டார்கள். ஆனால், செமஸ்டர் முழுக்கப் புரியாத ‘ஸ்லிப்’ எனக்கு அந்த வரப்பில் புரிந்தது.

“இது எப்படிப் பிடிக்குது தெரியுமா? மேல இருக்குற சேறு பிடிக்காது. அடியில ஒரு முழம் கீழ கெட்டித் தரை இருக்கு. வருஷா வருஷம் உழுது உழுது இறுகினது. சக்கரம் அதைத் தொடணும். தொட்டுட்டா வண்டி நிக்காது.”

பனியிலும் அதே கதைதான். மேலே இருக்கும் பனியை வெட்டிக்கொண்டு கீழே இருக்கும் கெட்டித் தரையைத் தொட வேண்டும். தொட முடியாத ஆழம் என்றால், டயரின் காற்றைக் கொஞ்சம் குறைத்துத் தடத்தை அகலமாக்கி மேலேயே மிதந்து போக வேண்டும். ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுத்தினால், டிரைவர் குதிகாலுக்குப் பக்கத்தில் இருக்கும் டிஃபரன்ஷியல் லாக்கை மிதித்தால் ரெண்டு சக்கரமும் ஒண்ணாகச் சுத்தும். “மிதிச்சுக்கிட்டே ஸ்டியரிங்கைத் திருப்பக் கூடாது” என்றார். சங்கிலிக்கும் கேஜ் வீலுக்கும் இன்னொரு ஒற்றுமை: ரெண்டையும் மாட்டிக்கொண்டு வெறும் தார் ரோட்டில் ஓட்டினால் ரோடு கிழிந்துவிடும்.

முன் சக்கரம் தூக்கினால்...

பேச்சு 2015-க்கு வந்தது. அவரும் அந்த வாரம் டிராக்டரை எடுத்துக்கொண்டு முடிச்சூர் பக்கம் வந்திருக்கிறார். “ஜனங்களை ஏத்தினது கஷ்டம் இல்ல தம்பி. மறுநாள் கார் இழுக்கக் கூப்பிட்டாங்க பாரு, அதுலதான் உயிர் போகப் பார்த்துச்சு.”

சேற்றில் புதைந்த ஒரு காரை இழுக்க, யாரோ அவசரத்தில் கயிற்றை டிராக்டரின் சீட்டுக்குப் பின்னால் உயரமாகக் கட்டிவிட்டார்கள். இவர் கிளட்சை விட்டதும் முன் சக்கரம் ரெண்டும் ஆகாசத்தைப் பார்த்திருக்கிறது. சட்டென்று கிளட்சை மிதித்ததால் பிழைத்தார். பின் சக்கரம் நகர முடியாமல் பிடித்துக்கொண்டால் டிராக்டர் தன் அச்சையே சுற்றிப் பின்னால் மல்லாந்துவிடும். குதித்துத் தப்பிக்க நேரம் இருக்காது. கயிறு எப்போதும் அச்சுக்குக் கீழே, கொக்கியில்தான் கட்ட வேண்டும். பிடிமானம் ஏற ஏற இந்த ஆபத்தும் ஏறும் என்பதைப் புத்தகத்தில் நான் படித்த ஞாபகம் இல்லை. அடுத்த வெள்ளத்தில் யாராவது டிராக்டரோடு உதவிக்கு வந்தால், கயிறு கட்டுகிற பசங்க நாமாகத்தான் இருப்போம். ஞாபகம் வெச்சுக்கோங்க ப்ளீஸ்!

“அவ்ளோ தண்ணியில ரோடு எங்க, கால்வாய் எங்கன்னு எப்படி ஐயா தெரிஞ்சுது?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “அந்த இடத்துல எல்லாம் நான் உழுதிருக்கேன்ப்பா. இப்போ நீங்க நகர்னு பேர் வெச்சிருக்கீங்க. எனக்கு அது வயல்தான். எது மேடு, எது பள்ளம், எங்க மதகுன்னு காலுக்குத் தெரியும். மேல தண்ணி நின்னா என்ன, கீழ தரை அதேதானே?”

எனக்குப் பதில் வரவில்லை. எங்க வீட்டு ஹாலுக்கு அடியில் ஒரு முழம் தோண்டினால், இவர் மாதிரி யாரோ உழுது உழுது இறுகிய அந்தக் கெட்டித் தரை இருக்கும். அதன் மேல்தான் டைல்ஸ் போட்டு, டிவி வைத்து, நான் இன்ஜினீயரிங் படித்துக்கொண்டிருக்கிறேன். அது வயல் என்பதைத் தண்ணியும் மறக்கவில்லை, இவரும் மறக்கவில்லை. மறந்தது நாங்கள்தான்.

எங்க தெருவுக்கு வந்தது இவர்தானா என்று கேட்க நினைத்தேன். தெருப் பேரைச் சொன்னேன். “பேரெல்லாம் தெரியாதுப்பா, ஒரு பெரிய வேப்பமரம் இருக்குமா?” என்றார். இருந்தது என்று அப்பா சொல்லியிருக்கிறார். நான் பார்த்ததில்லை. அதற்கு மேல் ரெண்டு பேருக்கும் தெரியவில்லை. டீக்குக் காசு கொடுக்கப் போனேன், வாங்கவே இல்லை. டீசல் பேச்சையும் எடுக்கவில்லை.

ராத்திரி வீட்டுக்கு வந்து அண்ணனுக்கு டைப் பண்ணினேன்: ‘ரெண்டு பின் சக்கரத்துக்கும் சங்கிலி கட்டு. டயருக்குள் உப்புக் கரைசல் ஏத்து, இல்லேன்னா பின்னாடி வெயிட் மாட்டு. பட்டன் சரியான பக்கம் பார்க்குதான்னு செக் பண்ணு. ஒரு சக்கரம் மட்டும் சுத்தினா டிஃபரன்ஷியல் லாக். ஆக்ஸிலேட்டரை மிதிக்காதே, மெதுவா லோ கியர்ல எடு. கயிறு கட்டினா அச்சுக்குக் கீழ கட்டு. எல்லாத்துக்கும் மேல, பனி விழறதுக்கு முன்னாடியே அந்த இடத்தை ஒரு தடவை நடந்து பார்த்துடு. கீழ என்ன இருக்குன்னு தெரிஞ்சாதான் மேல ஓட்ட முடியும்.’

பத்து நிமிஷம் கழித்து பதில்: ‘சூப்பர்டா! எந்த புக்ல படிச்சே?’

‘முடிச்சூர் ரோடு’ என்று அனுப்பிவிட்டுத் தூங்கப் போனேன்.